பரோலோ நாட்குறிப்பு: நான்கு தோட்டங்கள், ஒரே ஒயின்

அக்டோபர் 9

இத்தாலியின் பியட்மாண்ட் பகுதியில், தன் பெயரையே ஒரு சிவப்பு ஒயினுக்குத் தந்த பரோலோ என்ற ஊரில் தங்கியிருக்கிறேன். காலையில் சன்னலைத் திறந்தபோது, திராட்சைத் தோட்டங்களுக்குப் பெயர்போன கான்னுபிக் குன்று மூடுபனிக்குள் மறைந்திருந்தது. பரோலோ ஒயினுக்கு மூலமான நெப்பியோலோ திராட்சையின் பெயரே பனியைக் குறிக்கும் 'நெபியா' என்ற இத்தாலியச் சொல்லிலிருந்து வந்தது என்பார்கள். இங்கு விளையும் மற்ற வகைகளான டோல்செட்டோவும் பார்பேராவும் பறிக்கப்பட்ட பின்னரும் கொடியிலேயே தங்கி நிதானமாகப் பழுக்கும் திராட்சை அது. பனி விலகியதும் குன்றின் அடிவாரம்வரை நடந்தேன். இத்தனை புகழ் பெற்ற குன்று இவ்வளவு தாழ்வாக இருக்கும் என்று நான் எண்ணியிருக்கவில்லை.

அக்டோபர் 10

என்னை இந்த ஊருக்கு இழுத்து வந்தது மஸ்கரெல்லோ குடும்பத்தின் ஒயின். முதல் உலகப் போர் முடிந்த காலத்தில் ஜூலியோ மஸ்கரெல்லோ தொடங்கிய தொழிலை மகன் பார்த்தோலோ தொடர்ந்தார். 2005-இல் அவர் மறைந்த பிறகு அவருடைய மகள் மரியா தெரேசா நடத்தி வருகிறார். குடும்பத்தின் நிலம் ஏறத்தாழ ஐந்து ஹெக்டேர்தான். கான்னுபி, சான் லோரென்சோ, ருவே ஆகிய மூன்று தோட்டங்கள் பரோலோவிலும், ரொக்கே தோட்டம் அடுத்த ஊரான லா மொர்ராவிலும் உள்ளன. நான்கிலும் விளையும் நெப்பியோலோவைச் சேர்த்து ஒரே பரோலோவாக ஆக்குகிறார்கள். ஓர் ஆண்டில் ஒரு நிலம் தரத் தவறியதை இன்னொன்று ஈடு செய்யும் என்பது இப்பகுதி உழவர்களின் பழைய அறிவு. 1960-களுக்குப் பின் தனித் தோட்டத்தின் பெயரைப் புட்டியில் இடும் வழக்கம் பரவியது. கான்னுபி என்ற பெயருக்கு உள்ள மதிப்பை நன்கு அறிந்திருந்தும், அதைத் தனியாகப் பிரித்து விற்க இக்குடும்பம் முன்வராததை நான் பெரிதும் மதிக்கிறேன்.

அக்டோபர் 12

மழை. வெளியே செல்லவில்லை.

பரோலோ என்று பெயரிட, ஒயின் குறைந்தது 38 மாதங்கள் முதிர வேண்டும்; அவற்றில் 18 மாதங்கள் மரப் பீப்பாயில் இருக்க வேண்டும். எந்த அளவுப் பீப்பாய் என்பதில்தான் இந்த ஊர்கள் இரண்டாகப் பிரிந்தன. லா மொர்ராவின் எலியோ அல்தாரே 1983-இல் தந்தையின் பழைய பெரிய பீப்பாய்களை ரம்பத்தால் அறுத்துவிட்டு, 225 லிட்டர் கொள்ளும் பாரிக் என்ற சிறு பிரெஞ்சுப் பீப்பாய்களுக்கு மாறினார். வறுமையிலிருந்து மீள வழி தேடிய ஒரு தலைமுறையின் தவிப்பு அதில் இருந்தது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் புதிய சிறு பீப்பாயின் வெனிலா மணம் நெப்பியோலோவின் மணத்தை மூடிவிடுகிறது என்பதே என் நாக்கின் தீர்ப்பு. பெரிய பீப்பாய்களை விடாத பார்த்தோலோ, முதுமையில் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி தம் கையாலேயே லேபிள்களை வரைந்தார். அவற்றுள் ஒன்றில் 'நோ பாரிக், நோ பெர்லுஸ்கோனி' என்று எழுதினார்: சிறு பீப்பாயும் வேண்டாம், இத்தாலிய அரசியல்வாதி பெர்லுஸ்கோனியும் வேண்டாம்.

அக்டோபர் 13

பத்தாண்டுகளுக்கு மேல் முதிர்ந்த ஒரு புட்டியை இன்றிரவு திறந்தேன். நிறம் வெளிறிய மாணிக்கம். ஓரத்தில் செங்கல் சாயல். முதல் மிடறில் துவர்ப்பு ஈறுகளைப் பற்றிக்கொண்டது. ஒயினில் வேகவைத்த மாட்டிறைச்சியுடன் பருகியபோது அந்தத் துவர்ப்பு தளர்ந்து, உலர்ந்த ரோஜாவும் தாரும் கலந்த மணம் மெல்ல எழுந்தது. இது கான்னுபியா, இது ரொக்கேயா என்று இரண்டு மணி நேரம் தேடிப் பார்த்தேன், பிரிக்க முடியவில்லை. கடைசிக் கோப்பைதான் எல்லாவற்றிலும் சிறந்ததாக இருந்தது.