590 ரூபாய் பாக்கியும் என் சிபில் அறிக்கையும்

2024 மே மாதம், வீட்டுக் கடனுக்கு விண்ணப்பித்திருந்த வங்கியிலிருந்து போன் வந்தது. "மேடம், உங்க ஸ்கோர் 641தான் காட்டுது. பழைய டூவீலர் லோன் ஒண்ணு ரொம்ப நாளா ஓவர்டியூல நிக்குதே, அதை முதல்ல பாருங்க" என்றார் அதிகாரி. எனக்கு ஒன்றும் புரியவில்லை. அந்த ஸ்கூட்டர் கடனை 2019 மார்ச்சிலேயே கட்டி முடித்துவிட்டேன். மனைக்கு அட்வான்ஸ் கொடுத்தாகிவிட்டது, கிரயத்துக்கு ஆறு மாதம்தான் கெடு. அன்று இரவு நானும் கணவரும் சரியாகச் சாப்பிடக்கூட இல்லை.

மறுநாள், நம் கடன்களையும் அவற்றைக் கட்டிய விதத்தையும் பதிந்து வைக்கும் சிபில் நிறுவனத்தின் இணையதளத்தில் பான் எண், பிறந்த தேதி, ஓ.டி.பி. கொடுத்து என் அறிக்கையை இறக்கினேன். நம் நாட்டில் இப்படி அறிக்கை தரும் நிறுவனங்கள் நான்கு: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க். ஒவ்வொன்றும் வருடத்துக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. அடிக்கடி பார்த்தால் ஸ்கோர் குறையும் என்று நான் பயந்துகொண்டிருந்தேன். நம் அறிக்கையை நாமே பார்ப்பதால் ஒரு புள்ளிகூடக் குறையாது. கடனுக்கு விண்ணப்பிக்கும்போது வங்கி எடுத்துப் பார்ப்பதுதான் கணக்கில் சேரும்.

கடனை எவ்வளவு ஒழுங்காகக் கட்டுகிறோம் என்பதைக் காட்டும் ஸ்கோர் 300 முதல் 900 வரை இருக்கும். ஆனால் அந்த எண்ணை விட, கீழே ஒவ்வொரு கடனுக்கும் வரும் கட்டங்களைத்தான் நிதானமாகப் படிக்க வேண்டும். மாதத்துக்கு ஒரு கட்டம். 000 என்று இருந்தால் அந்த மாதம் பாக்கி எதுவும் இல்லை. வேறு எண் இருந்தால் அத்தனை நாள் தாமதம் என்று பொருள். என் ஸ்கூட்டர் கடனுக்கு, அறிக்கை காட்டும் கடைசி மூன்று வருடமும் வரிசையாகப் பெரிய பெரிய எண்கள். கணக்கு இன்னும் மூடப்படவில்லை. பாக்கித் தொகை: 590 ரூபாய்.

அந்த 590-ஐப் பார்த்ததும்தான் பழைய கதை ஞாபகம் வந்தது. கடைசித் தவணை நேரத்தில் வேலை மாறியிருந்தேன். பழைய சம்பளக் கணக்கில் பணம் இல்லாமல் தவணை திரும்பிவிட்டது. அடுத்த வாரமே கிளைக்குப் போய் ரொக்கமாகக் கட்டி ரசீது வாங்கினேன். கடன் தீர்ந்தது என்பதற்கான என்.ஓ.சி. சான்றும் கொடுத்தார்கள். ஆனால் தவணை திரும்பியதற்கான 500 ரூபாய் கட்டணமும் அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் அவர்கள் கணினியில் அப்படியே நின்றுவிட்டிருக்கிறது. கடன் வாங்கியது கல்யாணத்துக்கு முன்னால். அறிக்கையில் அப்பா பெயரின் இனிஷியலும், பவானியில் அம்மா வீட்டு முகவரியும், எப்போதோ விட்டுவிட்ட போன் நம்பரும்தான் இருந்தன. நான் ஈரோட்டுக்கு வந்து ஐந்து வருடம். யாராவது கேட்டிருந்தால் அன்றே 590-ஐக் கட்டியிருப்பேன். நம் பெண்கள் பலருக்கு இந்தச் சிக்கல் உண்டு. இனிஷியல், முகவரி, நம்பர் மூன்றும் ஒரே சமயத்தில் மாறும், நடப்பில் இருக்கும் கடனில் மட்டும் பழையபடியே கிடக்கும்.

மே 22 அன்று, பதிவு தவறு என்று சிபிலின் இணையதளத்திலேயே டிஸ்பியூட் போட்டேன். கட்டணம் இல்லை. அறிக்கையின் மேலே இருக்கும் கன்ட்ரோல் நம்பர்தான் நம் புகாருக்கு அடையாளம். மூன்று வாரம் கழித்துப் பதில்: கடன் கொடுத்த நிறுவனம் விவரம் சரி என்கிறது, மாற்றம் இல்லை.

அன்று எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. பக்கத்து வீட்டு அண்ணன் ஒருவர் வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர்தான் விளக்கினார்: "சிபில்காரங்க தாங்களா எதையும் திருத்த முடியாதும்மா. அவங்க லெட்ஜர் மாதிரி. கடன் குடுத்தவன் எழுதுனாத்தான் மாறும். நீ அங்க போய்க் கேளு." 2005-ஆம் ஆண்டின் கடன் தகவல் நிறுவனங்கள் சட்டமே அப்படித்தான் இருக்கிறதாம்.

இதற்கு நடுவில், சிபிலைச் சரிசெய்து தருகிறோம் என்று ஒருவர் போனில் 8,000 ரூபாய் கேட்டார். ஓ.டி.பி.யும் வேண்டுமாம். தயவுசெய்து இப்படி யாரிடமும் போகாதீர்கள். தவறான பதிவைத் திருத்தக் காசு தேவையில்லை, சரியான பதிவை எவராலும் அழிக்க முடியாது.

கடன் கொடுத்த நிறுவனத்தின் கிளையில் கஸ்டமர் கேருக்குப் பேசச் சொன்னார்கள், கஸ்டமர் கேரில் கிளைக்குப் போகச் சொன்னார்கள். இரண்டு வாரம் இப்படியே போனது. பிறகு எழுத்தில் இறங்கினேன். என்.ஓ.சி.யின் அசல் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கொடுத்தாகிவிட்டது. நல்லவேளையாக அம்மா வீட்டு டிரங்குப் பெட்டியில் ஒரு ஜெராக்ஸும் கடைசித் தவணை ரசீதும் கிடைத்தன. கடன் பதிவு நீக்கப்பட்ட ஆர்.சி.யின் நகலையும் சேர்த்துக்கொண்டேன். ஜூலை 3 அன்று, நிறுவனத்தில் புகார்களைக் கவனிக்கும் நோடல் அதிகாரிக்கு மின்னஞ்சலும், ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலும் அனுப்பினேன்.

கடிதத்தில் என்ன கேட்பது என்பதில் அண்ணன் ரொம்பக் கண்டிப்பாக இருந்தார். வெறுமனே 'சரிசெய்யுங்கள்' என்று எழுதினால் இன்றைய தேதியில் கணக்கை மூடிவிட்டுப் போய்விடுவார்கள், பழைய தாமதக் கட்டங்கள் அப்படியே இருக்கும் என்றார். அதனால் தனித்தனியாக எழுதினேன்: பாக்கி 0 ஆக வேண்டும், கணக்கு 'மூடப்பட்டது' என்று வர வேண்டும், மூடிய தேதி 2019-ஆகவே இருக்க வேண்டும், அதற்குப் பிந்தைய தாமதப் பதிவு முழுவதும் நீக்கப்பட வேண்டும். 'செட்டில்டு' என்று போடக் கூடாது என்றும் எழுதினேன். அந்தச் சொல்லுக்கு, முழுதும் கட்டாமல் குறைத்துப் பேசி முடித்தவர் என்று பொருள். அது பல வருடம் நம்மைத் துரத்தும்.

கூடவே ரிசர்வ் வங்கியின் விதியையும் குறிப்பிட்டேன். இப்படிப்பட்ட புகாரை 30 நாளுக்குள் தீர்க்க வேண்டும். தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும். 2023 அக்டோபரில் வந்த சுற்றறிக்கைப்படி, இந்த விதி 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஓம்புட்ஸ்மேனிடம் இணையத்திலேயே இலவசமாகப் புகார் கொடுக்கலாம். அதற்கான புகாரையும் எழுதித் தயாராக வைத்திருந்தேன்.

அனுப்ப வேண்டி வரவில்லை. ஆகஸ்ட் 13 அன்று, 41-ஆவது நாள், திருத்தியாகிவிட்டது என்று மின்னஞ்சல் வந்தது. அந்த வாரத்திலேயே என் கணக்கில் 1,100 ரூபாய் வரவு. பதினோரு நாள் தாமதத்துக்கு. தொகை சின்னதுதான். ஆனால் தவறு என்னுடையதல்ல என்று அவர்களே ஒப்புக்கொண்ட மாதிரி இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம் மற்ற மூன்று நிறுவனங்களின் அறிக்கைகளையும் எடுத்துப் பார்த்தேன். இரண்டில் சரியாகிவிட்டது. ஒன்றில் மட்டும் பாக்கி போயிருந்தது, மூடிய தேதி 2024 என்று இருந்தது. அதே கடிதத்தை மறுபடி அனுப்பி, செப்டம்பர் கடைசியில்தான் அது சரியானது. நான்கையும் பார்க்காமல் விட்டிருந்தால் எனக்குத் தெரிந்தே இருக்காது.

அக்டோபரில் வங்கி மறுபடி எடுத்துப் பார்த்தபோது ஸ்கோர் 752. கிரயக் கெடு முடிய மூன்று வாரம் இருக்கும்போது கடன் சாங்ஷன் ஆனது. இந்த முறை விண்ணப்பத்தில் அம்மா வீட்டு முகவரியையும் ஈரோட்டு முகவரியையும் சேர்த்தே எழுதிக் கொடுத்தேன்.