மதுரையைவிடப் பக்கத்தில் இருக்கிறது யாழ்ப்பாணம்

சென்னையிலிருந்து மதுரை தூரமா, யாழ்ப்பாணம் தூரமா என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் யோசிக்காமல் யாழ்ப்பாணம் என்பார்கள். வானவழியில் நேராக அளந்தால் மதுரை சுமார் 420 கிலோமீட்டர். பலாலியில் உள்ள யாழ்ப்பாண விமான நிலையம் 355 தான். சென்னையும் யாழ்ப்பாணமும் ஏறக்குறைய ஒரே தீர்க்கரேகையில் இருப்பதால் மீனம்பாக்கத்தில் ஏறினால் நேர் தெற்கே போக வேண்டியதுதான்.

இவ்வளவு பக்கத்தில் இருந்தும் நெடுங்காலம் சுற்றித்தான் போக வேண்டியிருந்தது. 650 கிலோமீட்டர் பறந்து, கொழும்பு விமான நிலையம் இருக்கும் கட்டுநாயக்காவில் இறங்கி, அப்புறம் வவுனியா வழியாக வடக்கே பஸ்ஸில் ஏழெட்டு மணி நேரம். 2019 அக்டோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமானது. நவம்பரில் சென்னை விமானம் வந்தது. கொரோனாவில் நின்றுபோன சேவை 2022 டிசம்பரில் மீண்டும் தொடங்கியது.

நான் போனது ஏடிஆர் 72. இறக்கையில் காற்றாடி சுழலும் சின்ன விமானம். மணிக்கு 500 கிலோமீட்டர் வேகம் என்று வைத்துக் கணக்குப் போட்டால் முக்கால் மணி நேரத்துக்குள் போய்விட வேண்டும். டிக்கெட்டிலோ ஒன்றேகால் மணி நேரம் என்றிருந்தது. விமானம் நிற்கும் இடத்தைவிட்டு நகர்வதிலிருந்து அந்தப் பக்கம் போய் நிற்பதுவரை எல்லாமே அந்தக் கணக்கில் சேரும். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, வரிசையில் காத்திருப்பது, ஏறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைவது என்று மீதி நேரம் அதிலேயே போய்விடுகிறது.

போகும்போது வலப்பக்க ஜன்னலைக் கேட்டு வாங்குங்கள். ஏடிஆரின் இறக்கை மேலே இருப்பதால் கீழே பார்க்க மறைப்பு இல்லை. ஜெட் அளவுக்கு உயரத்திலும் பறப்பதில்லை. சோழமண்டலக் கரை முழுக்கக் கூடவே வந்தது. கொள்ளிடம் கலக்கும் இடத்தில் கடல் கொஞ்ச தூரத்துக்குக் கலங்கலாக இருந்தது. வேதாரண்யத்து உப்பளங்கள் வெள்ளைக் கட்டங்களாகத் தெரிந்தன. கோடியக்கரையில் நிலம் சட்டென்று மேற்கே திரும்பிவிடுகிறது. அங்கிருந்து பலாலிக்கு 60 கிலோமீட்டர் கடல்தான். அந்தக் கரை இன்னும் கண்ணைவிட்டு அகலவில்லை, அதற்குள் பனைமரங்களும் பலாலி இருக்கும் வலிகாமப் பகுதியின் செம்மண் தோட்டங்களும் வந்துவிட்டன. இத்தனை கதைகளிலும் செய்திகளிலும் கேட்ட கடல் இவ்வளவு சிறியதா என்று மனசு கனத்துப்போனது.

கடிகாரத்தைக்கூட மாற்ற வேண்டாம். இலங்கை 2006 முதல் மறுபடி நம் நேரத்திலேயே இருக்கிறது. குடிவரவு முடிந்து வெளியே வந்தால் யாழ்ப்பாண நகரம் இன்னும் பதினாறு, பதினேழு கிலோமீட்டர்.

2025 மார்ச் முதல் திருச்சியிலிருந்தும் விமானம் விட்டார்கள். அந்தத் தூரம் சுமார் 185 கிலோமீட்டர், சென்னை வழியில் பாதிதான். நேரம் மட்டும் பாதியாகாது. தரையில் ஊர்வதும் ஏறி இறங்குவதும் எங்கிருந்து போனாலும் அதே அளவுதானே. தஞ்சாவூர், புதுக்கோட்டைக்காரர்களுக்கு அந்த வழிதான் வசதி. சென்னைக்கு வந்து சேரும் ஒரு ராத்திரிப் பயணமாவது மிச்சமாகும்.