ஒட்டோமான் வெல்வெட் தேடிப் போகிறீர்களா? பஜாரில் ஏமாறாதீர்கள்

இஸ்தான்புல் கிராண்ட் பஜாரில் "ஒட்டோமான் வெல்வெட்" என்று அடுக்கியிருக்கும் திண்டு உறைகளில், பூவின் ஓரம் கலங்கித் தெரிபவை உஸ்பெக் பாணி இகாத். பாவு நூலை, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் இழைகளை, ஆங்காங்கே கட்டிச் சாயம் தோய்த்த பிறகு நெய்வதால் வரும் கலங்கல் அது. பிடித்தால் வாங்குங்கள், ஒட்டோமான் என்ற பெயருக்காக மட்டும் ஒரு லிராகூடக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள்.

பெரிய ஒட்டோமான் வீடுகளில் இருந்தது சாத்மா என்ற, சரிகை சேர்த்து நெய்த பட்டு வெல்வெட். 16, 17ஆம் நூற்றாண்டுகளில் அதற்குப் பேர்போன ஊர் துருக்கியின் பூர்சா. சுவரோரத் தாழ்வான இருக்கைகளில் முதுகு சாய வரிசையாக நிறுத்திய திண்டுகளுக்கு உறை இதுதான். அகலம் சுமார் 65 செ.மீ., நீளம் 110 முதல் 120. இரு முனைகளிலும் மாடக்குழி போன்ற வடிவங்களின் வரிசை, பெரும்பாலும் ஆறு. நடுவே விசிறியாய் விரிந்த கார்னேஷன் பூ. துணியின் சிவப்பில் நம் நாட்டிலிருந்து போன அரக்குச் சாயமும் உண்டு!

நெசவுக்கு இரண்டு பாவு. மேல்பாவு கம்பியின்மேல் வளைந்து விழும். கம்பியின் நீளப் பள்ளத்தில் கத்தியை ஓட்டினால் இழை அறுந்து மயிர்போல் எழும்பும். வளைவுக்கு வளைவு நூல் போவதால் மேல்பாவு அடிப்பாவைவிடப் பல மடங்கு நீளமாக வேண்டும். விலை ஏற இதுவும் ஒரு காரணம். மயிர் இல்லாத இடங்களில் சரிகை. பொன் பூசிய சரிகைக்குள் மஞ்சள் பட்டு, வெள்ளிக்குள் வெள்ளைப் பட்டு. சாய்ந்து சாய்ந்து தகடு உதிர்ந்தால் உள்நூல்தான் மிஞ்சும், வெள்ளியோ கறுத்துவிடும். தூரத்தில் நின்று "தங்கம்" என்று வியக்காமல் கிட்டப் போய்ப் பாருங்கள். பழைய துணிகளைப் பார்க்க இஸ்தான்புல்லின் தோப்காபி அரண்மனை அருங்காட்சியகம் போவதானால், அதற்குச் செவ்வாய் விடுமுறை. வெளிச்சம் பட்டால் துணி கெடும் என்பதால் காட்சிக்கு வைப்பதை மாற்றிக்கொண்டே இருப்பார்கள்.

"சுத்தப் பட்டு" என்று கடைக்காரர் சொன்னால் ஓர் இழையைக் கொளுத்திக் காட்டச் சொல்லுங்கள். பட்டென்றால் முடி கருகும் நாற்றம் வரும், சாம்பல் பொடியும். பாலியெஸ்டர் உருகி மணியாகும்.

இஸ்தான்புல்லிலிருந்து பூர்சாவுக்குப் போக முதன்யா துறைமுகம் வரை படகு. தெற்கிலிருந்து லோதோஸ் காற்று அடித்தால் ரத்து, அதனால் அன்றே திரும்பும் திட்டம் வேண்டாம். முதன்யாவில் டாக்சி வீண்செலவு: பஸ்ஸில் எமெக் மெட்ரோ நிலையம், அங்கிருந்து மெட்ரோவில் ஷெஹ்ரெகூஸ்தூ நிலையம், பிறகு கோசா ஹானுக்கு நடை. 1491இல் இரண்டாம் பாயசித் கட்டிய கோசா ஹான் ஒரு காலத்தில் பட்டுக்கூட்டுச் சந்தை. இன்று கழுத்துத் துணிக் கடைகள்தான் மிகுதி. சாத்மாவை எதிர்பார்த்துப் போகாதீர்கள், முற்றத்தில் தேநீர் குடித்துவிட்டு இஸ்கெந்தர் கெபாபுக்குக் கிளம்புங்கள். ரொட்டித் துண்டுகள்மேல் இறைச்சி, தக்காளிச் சாறு, பக்கத்தில் தயிர், மேலே சூடாக ஊற்றும் வெண்ணெய். பசி அதிகமென்றால் "பிர் புச்சுக்" என்று கேளுங்கள், ஒன்றரைப் பங்கு வரும். பில்லும் அதற்கேற்றபடிதான்.