768 பைட்டில் அடங்கிய நிறங்கள்

என் மேசையில் இப்போது இருக்கும் இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் 48கே என்ற பழைய வீட்டுக் கணினி (48கே என்பது 48 கிலோபைட் நினைவகம்), வாங்கி வந்த அன்று உயிரோடு இல்லை. மின்சாரம் கொடுத்தவுடன் திரையின் அடியில் தெரிய வேண்டிய 1982ஆம் ஆண்டுப் பதிப்புரிமை வரிக்குப் பதிலாக, திரை முழுவதும் கட்டம் கட்டமாகக் குப்பை நிறங்களே தெரிந்தன. இந்த இனத்தைப் பழுது பார்ப்பவர்களுக்கு அந்தக் கட்டங்கள் பாதி நோயைச் சொல்லிவிடும். திரையில் தெரியும் படம் குடியிருக்கும் கீழ் 16 கிலோபைட் நினைவகத்தின் 4116 வகைச் சில்லுகளுக்கு +5, +12, −5 என மூன்று மின்னழுத்தங்கள் வேண்டும்; அவற்றில் −5 வோல்ட் மட்டும் நின்றுபோய் மற்றவை தொடர்ந்தால் சில்லுகள் வெந்துபோகும். என்னுடையதில் எட்டில் மூன்று போயிருந்தன.

கிளைவ் சின்க்ளேரின் நிறுவனம் இதை 1982 ஏப்ரல் 23 அன்று பிரிட்டனில் வெளியிட்டபோது, 16கே மாடலின் விலை 125 பவுண்டு, 48கே மாடலின் விலை 175 பவுண்டு. அதே காலத்துப் போட்டிக் கணினியான பிபிசி மைக்ரோவின் பி மாடல் 399 பவுண்டுக்கு விற்றது. இந்த விலை வித்தியாசத்தை நினைவில் வைத்துக்கொண்டு மூடியைத் திறந்தால்தான் உள்ளே இருப்பது புரியும். 3.5 மெகாஹெர்ட்ஸில் ஓடும் இசட்80ஏ செயலி, பேசிக் என்ற நிரல்மொழியைத் தாங்கிய 16 கிலோபைட் ரோம் (படிக்க மட்டுமே முடியும் நிரந்தர நினைவகம்), எழுதி அழிக்கக்கூடிய நினைவகம், இவை தவிர ஏறக்குறைய எல்லா வேலையையும் ஃபெரான்டி தயாரித்த யூஎல்ஏ என்ற ஒற்றைச் சில்லே பார்த்துக்கொள்கிறது. 48கே மாடலின் மேல் 32 கிலோபைட்டுக்கோ, ஒரு பாதி பழுதானதால் மலிவாகக் கிடைத்த 64 கிலோபிட் சில்லுகளை வாங்கி, நல்ல பாதியை மட்டும் பயன்படுத்தினார்கள். நம் ஊர்ச் சந்தையில் அடிபட்ட தக்காளியை வாங்கி, கெட்ட பக்கத்தை வெட்டிவிட்டுச் சமைப்பது போன்ற இந்தச் சிக்கனத்தைக் கஞ்சத்தனம் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

சிக்கனத்தின் உச்சம் நிறத்தில் இருக்கிறது. திரையில் 256க்கு 192 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் நான்கு பிட்டுகள் ஒதுக்கியிருந்தால் திரைக்கு மட்டுமே 24 கிலோபைட் போயிருக்கும். 16கே மாடலில் மொத்த நினைவகமே அவ்வளவு கிடையாது. ஆகவே வன்பொருளை வடிவமைத்த ரிச்சர்ட் ஆல்ட்வாசர், புள்ளி எரிகிறதா இல்லையா என்பதை மட்டும் 6,144 பைட்டில் வைத்துவிட்டு, எட்டுக்கு எட்டுப் புள்ளிகள் கொண்ட ஒவ்வொரு கட்டத்துக்கும் முன்னிறம் ஒன்று, பின்னிறம் ஒன்று, கூடவே பிரகாசமும் மினுக்கலும் என ஒரே பைட்டை ஒதுக்கும் முறையைக் கையாண்டார். குறுக்கே 32, நெடுக்கே 24, ஆக 768 கட்டங்கள், 768 பைட். ஒரு கட்டத்தில் மூன்றாவது நிறத்துக்கு இடமில்லை என்பதால், விளையாட்டில் ஒரு சிவப்புக் கதாபாத்திரம் பச்சை மரத்தைக் கடக்கும்போது மரத்தின் ஓரமும் சிவந்துவிடும். நிற மோதல் என்று கேலி செய்யப்பட்ட குறை இதுதான். இதைத் தவிர்க்கவே பல விளையாட்டுகளில் ஆட்டக்களத்தை ஒரே நிறத்தில் வைத்தார்கள். அந்த நெருக்கடியில் பிறந்த நுணுக்கமான கோட்டோவியங்கள் இன்றைக்கும் என் கண்ணுக்கு அழகாகவே இருக்கின்றன.

இந்த அமைப்பைக் கண்ணால் காண ஒரு படத்தைக் கேசட் ஒலியிலிருந்து ஏற்றிப் பார்க்க வேண்டும்; இந்தக் கணினிக்கான நிரல்களும் படங்களும் கேசட்டில் ஒலியாகவே பதிவாகியிருக்கும். கைபேசியில் ஓடவிட்ட அந்த ஒலியைக் கணினியின் ஒலி உள்ளீட்டுத் துளையில் செலுத்தினேன். நீண்ட ஊளைச் சத்தத்தோடு திரையின் விளிம்பில் சிவப்பும் வெளிர்நீலமுமாகப் பட்டைகள் ஓடின. பிறகு கரகரப்போடு நீலமும் மஞ்சளும் துடித்தன. திரை மூன்று பகுதிகளாகப் பிரிந்திருப்பதால், படம் மேலிருந்து கீழாக ஒழுங்காக இறங்காமல், ஒவ்வொரு பகுதியிலும் எட்டு வரிக்கு ஒரு வரியாகச் சன்னல் தட்டிகள் மூடுவதுபோல நிரம்பியது. எழுத்து வரையும்போது அடுத்த புள்ளி வரிக்குப் போக நினைவக முகவரியின் மேல் பைட்டில் ஒன்றைக் கூட்டினாலே போதும் என்ற வேகத்துக்காகச் செய்த ஏற்பாடு அது. கறுப்பு வெள்ளைப் படம் முழுமையான பின்னரே, கடைசி 768 பைட்டும் வந்து சேர, நிறம் மேலிருந்து கீழாக ஒரு பூச்சுப்போலப் பரவியது.

சின்க்ளேர் தன் கணினித் தொழிலை 1986இல் ஆம்ஸ்ட்ராடு என்ற போட்டி நிறுவனத்துக்கு 50 லட்சம் பவுண்டுக்கு விற்றுவிட்டார். ஆனால் கணினியின் வாழ்வு அதோடு முடியவில்லை. இந்தியாவில் டெசிபெல்ஸ் நிறுவனம் டிபி ஸ்பெக்ட்ரம்+ என்ற பெயரில் இதை விற்றது. சோவியத் நாட்டிலோ, யூஎல்ஏ கிடைக்காததால் அதன் வேலையைச் சாதாரணத் தர்க்கச் சில்லுகளைக் கொண்டே செய்து காட்டி, லெனின்கிராடு, பென்டகன் போன்ற நகல்களை உருவாக்கினார்கள். ஒரிஜினலின் ரகசியம் ஒரு சில்லுக்குள் பூட்டியிருக்க, நகல்களில் அது பலகை முழுவதும் விரிந்து கிடப்பது எனக்கு மிகவும் பிடித்த முரண். ரோமின் பதிப்புரிமையை வைத்துக்கொண்டே, போன்மிகளில் (பழைய கணினியைப் போலவே இயங்கும் மென்பொருள்களில்) அதைச் சேர்த்து வழங்க ஆம்ஸ்ட்ராடு அனுமதித்ததும் சிறிய உதவி அல்ல. 2017இல் மக்களிடம் நிதி திரட்டித் தொடங்கிய ஸ்பெக்ட்ரம் நெக்ஸ்டு என்ற புதிய கணினிக்கும், முதல் கணினியின் கூட்டை வடிவமைத்த ரிக் டிக்கின்சனே வடிவம் தந்தார். 256 நிறங்கள் வந்துவிட்ட அந்தக் கணினியிலும் பழைய 768 கட்டத் திரை அப்படியே இருக்கிறது.

என்னுடையதில் சில்லுகளை மாற்றியாகிவிட்டது, பதிப்புரிமை வரியும் வருகிறது. ரப்பர் விசைகளுக்கு அடியில் இருக்கும் மெல்லிய சவ்வின் நாடாதான் நாற்பது ஆண்டுகளில் காய்ந்து விரிசல் விட்டு, சில விசைகளை அவ்வப்போது ஊமையாக்குகிறது. இதில் கட்டளைகளை எழுத்தெழுத்தாக அடிக்க முடியாது. ஒவ்வொரு கட்டளையும் ஒரு விசைக்குச் சொந்தம். கேசட்டிலிருந்து ஏற்றும் கட்டளை ஜே விசையில் இருக்கிறது, இன்று காலை முதல் ஜே வேலை செய்யவில்லை. புதிய சவ்வு தபாலில் வந்துகொண்டிருக்கிறது.