அண்ணனுக்குக் கிட்னி கொடுக்கும் முன்: எங்கள் வீட்டு மரபணுப் பரிசோதனை அனுபவம்

பரம்பரை நீர்க்கட்டிச் சிறுநீரக நோய் உள்ள வீட்டில் யாராவது கிட்னி கொடுக்க முன்வந்தால், மரபணுப் பரிசோதனையை நோயாளியிடமிருந்துதான் தொடங்க வேண்டும். கொடுக்கப் போகிறவருக்கு முதலில் எடுத்துவிட்டால், "ஒன்றுமில்லை" என்று ரிப்போர்ட் வந்தாலும் அதை நம்பி முடிவுக்கு வர முடியாது. இதை ஆரம்பத்திலேயே சொன்ன டாக்டருக்கு எங்கள் குடும்பமே கடன்பட்டிருக்கிறது. இன்னொரு வீட்டுக்கும் உதவும் என்றுதான் விவரமாக எழுதுகிறேன்.

நாங்கள் மன்னார்குடிப் பக்கம். அண்ணனுக்கு 41 வயது. பிபி மாத்திரை போட்டுக்கொண்டு வயல் வேலை பார்த்துவந்தவர்தான். சம்பா நடவு சமயத்தில் கால் வீங்கியது. தஞ்சாவூரில் காட்டியபோது, கிட்னி கெடக் கெட ரத்தத்தில் ஏறும் கழிவான கிரியாட்டினின் எட்டைத் தாண்டியிருந்தது. ஸ்கேனில் இரண்டு கிட்னியும் பெருத்து, உள்ளே நெடுக நீர்க்கட்டிகள். கல்லீரலிலும் சில இருந்தன.

படத்தைப் பார்த்ததும் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "உங்க அம்மா எப்படிம்மா இறந்தாங்க?"

அம்மா 49 வயதில் தலையில் ரத்தக்குழாய் வெடித்துப் போனார். பிபி கூடிப் போய்விட்டது என்றே இத்தனை வருஷம் நினைத்திருந்தோம். இந்த நோய் உள்ள சிலருக்கு மூளை ரத்தக்குழாயில் புடைப்பு உண்டாகும், அது வெடிக்கவும் செய்யும் என்று அவர் சொன்னபோது எனக்குப் பேச்சே வரவில்லை. மருந்துச்சீட்டின் பின்பக்கத்தில் ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம் என்று வரைந்துகொண்டே போனார். நோய் இருந்தவர்களைப் பேனாவால் நிரப்பினார். தாத்தா, அம்மா, வேதாரண்யத்தில் டயாலிசிஸில் இருக்கும் பெரிய மாமா, அண்ணன். மூன்று தலைமுறைக்கும் கறுப்புக் கட்டங்கள். மாமாவுக்கு "உப்புத் தண்ணி குடிச்சுக் குடிச்சு வந்தது" என்றுதான் ஊரே சொல்லும். டெல்டாவில் கிட்னி போனால் தண்ணீரைச் சொல்லிவிட்டு எழுந்து போய்விடுகிறோம். சர்க்கரையும் பிபியும் பெரிய காரணங்கள். எங்களைப் போன்ற சில வீடுகளில் அது ரத்தத்திலேயே வருகிறது.

பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர 50 சதவீத வாய்ப்பு. பெரும்பாலும் பி.கே.டி.1 மரபணுவில் கோளாறு இருக்கும். குறைவான குடும்பங்களில் பி.கே.டி.2. முதல் வகையில் சராசரியாக ஐம்பது, அறுபது வயதுக்குள் கிட்னி செயலிழக்கும். இரண்டாவது வகை மெதுவாகப் போகும், கட்டிகளே தாமதமாகத்தான் தெரியும்.

அண்ணிக்கு ரத்த வகை பொருந்தவில்லை. எனக்குப் பொருந்தியது, ஸ்கேனும் சுத்தம். உடனே தேதி குறித்துவிடுவார்கள் என்று வீட்டில் நினைத்தார்கள். டாக்டர் சம்மதிக்கவில்லை. எனக்கு வயது 35. நாற்பதுக்குள் இருப்பவருக்குச் சாதாரண ஸ்கேனில் கட்டி தெரியவில்லை என்பது மட்டும் போதாது. எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும், இரண்டு கிட்னியிலும் சேர்த்து ஐந்துக்கும் குறைவான கட்டிகள் இருந்தால் நோயை ஏறக்குறைய விலக்கிவிடலாம். கூடவே மரபணுவும் பார்த்துவிட்டால் இன்னும் நிச்சயம் என்றார். ஆனால் குடும்பத்தில் எந்த மாற்றம் ஓடுகிறது என்று தெரியாமல் என்னிடம் எதைத் தேடுவது? அதனால் முதல் ரத்தம் அண்ணனுடையது.

டயாலிசிஸ் படுக்கையிலேயே ஊதா மூடிக் குழாயில் எடுத்து அனுப்பினோம். காப்பீட்டில் இது வரவில்லை, கைக்காசுதான். முதல் ரிப்போர்ட்டில் "ஒன்றுமில்லை" என்று வந்தது. கண்ணெதிரே இவ்வளவு கட்டிகளை வைத்துக்கொண்டு எப்படி ஒன்றுமில்லை? பதினாறாவது குரோமோசோமில் பி.கே.டி.1-க்குப் பக்கத்திலேயே அதைப் போன்ற ஆறு போலி மரபணுக்கள் இருக்கின்றனவாம். ஒரே தெருவில் ஒரே பெயர், ஒரே இனிஷியலோடு ஏழு பேர் இருந்தால் தபால்காரர் படுகிற பாடுதான் சாதாரணப் பரிசோதனையும் படுகிறது. உண்மையான மரபணுவை மட்டும் நீளமாகப் பிரித்தெடுத்துப் படிக்கும் முறை தனியாக உண்டு. பணம் கட்டும் முன் லேபிடம் இதைக் கேட்டே ஆக வேண்டும். கேட்காவிட்டால் பணமும் போகும், பொய்யான நிம்மதியும் வந்து சேரும்.

இரண்டாவது லேப் ஒரு மாற்றத்தைக் கண்டுபிடித்தது. பி.கே.டி.1 உருவாக்கும் புரதம் ஒரு சங்கிலி மாதிரி, அதில் அமினோ அமிலங்கள் என்கிற கண்ணிகள் சுமார் 4,300. அதில் ஒன்று மட்டும் மாறியிருந்தது. ஆனால் ரிப்போர்ட்டில் "விளைவு உறுதியாகாத மாற்றம்" என்று எழுதியிருந்தது. எல்லாருடைய மரபணுக்களிலும் மாற்றங்கள் உண்டு, முக்கால்வாசி கெடுதல் செய்யாதவை. இது அந்தக் கூட்டமா, நோயைக் கொடுப்பதா என்று அந்த ஒரு ரத்தத்தை வைத்துச் சொல்ல முடியாது. நோய் உள்ள சொந்தக்காரர்களிடம் அது இருக்கிறதா, வயதாகியும் கட்டியே இல்லாதவர்களிடம் இல்லாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

அப்புறம் சொந்தக்காரர்கள் வீட்டுப் படிகளில் ஏறினேன். வேதாரண்யத்தில் மாமா மறுபேச்சில்லாமல் கையை நீட்டினார். டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக ரத்தக்குழாய்களை இணைத்து ஃபிஸ்டுலா போட்ட கையை விட்டுவிட்டு மற்ற கையில் எடுக்கச் சொன்னார். திருத்துறைப்பூண்டிச் சித்திக்கு 62 வயது, கிட்னியில் ஒரு கட்டி கிடையாது. அவர் ரத்தம்தான் மிக முக்கியம், ஆனால் சம்மதிக்க வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. "வயசுப் பொண்ண வச்சிருக்கேன், கிட்னிக் குடும்பம்னு பேரு வந்தா யாருடி கட்டுவா?" என்று அழுதார். அவர் பயம் எனக்குப் புரிகிறது. அதற்காக மறைப்பதை மட்டும் என்னால் ஏற்கவே முடியாது. தாத்தா காலத்திலிருந்து மறைத்ததால்தான் அம்மாவுக்கு ஒரு ஸ்கேன்கூட எடுக்காமல் போனது. "உங்களுக்கு அந்த மாற்றம் இல்லைன்னா உங்க பொண்ணுக்கு உங்க வழியா வராது சித்தி, எழுத்திலேயே தருவாங்க" என்றதும் சம்மதித்தார்.

மாமாவின் இளைய மகனும் கொடுத்தான். அவனுக்கு 29 வயது, ஒரு தொந்தரவும் இல்லை. ஸ்கேனில் இரண்டு பக்கமும் கட்டிகள்.

முடிவு வந்தது. மாமாவுக்கும் அவர் மகனுக்கும் அதே மாற்றம் இருந்தது. சித்திக்கு இல்லை. லேப் தன் ரிப்போர்ட்டைத் திருத்தி, நோய்க்குக் காரணமாக இருக்க அதிக வாய்ப்புள்ள மாற்றம் என்று எழுதியது. அதற்குப் பிறகுதான் என் ரத்தம். எனக்கு அது இல்லை. எம்.ஆர்.ஐ.யும் சுத்தம்.

மீதி எல்லாம் மற்ற தானம் போலத்தான்: திசுப் பொருத்தம், சி.டி., தாசில்தார் சான்றிதழ், வீட்டுக்காரர் சம்மதம். உடன்பிறந்தவர் என்பதால் 1994-ஆம் வருஷ உறுப்பு மாற்றுச் சட்டத்தில் நெருங்கிய உறவில் வந்துவிடுகிறோம். கொடுப்பவர் பெண் என்றால் கூடுதல் கவனம் வேண்டும் என்று விதியிருக்கிறது. எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு, "யாராவது கட்டாயப்படுத்தினாங்களா?" என்று விசாரித்த பெண்மணி என் முகத்தைப் பார்த்தே கேட்டார். இல்லை என்று நிம்மதியாகச் சொல்ல முடிந்தது.

இப்போது அண்ணனின் கிரியாட்டினின் 1.3. வரப்பில் நடக்கிறார், மண்வெட்டி தூக்க இன்னும் அனுமதியில்லை. அவர் மகளுக்கு 14 வயது. தொந்தரவில்லாத பிள்ளைக்கு இப்போது மரபணு பார்க்க வேண்டாம், 18 ஆனதும் அவளே முடிவு செய்யட்டும், வருஷம் தவறாமல் பிபி மட்டும் பாருங்கள் என்றார் டாக்டர். மாமா மகனுக்கு பிபி மாத்திரை தொடங்கியாயிற்று, உப்பைக் குறைத்திருக்கிறான். அம்மா போன விதத்தைச் சொன்னதால் அவன் மூளை ரத்தக்குழாயையும் ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள், புடைப்பு இல்லை. கட்டி வளர்வதை மெதுவாக்கும் டோல்வாப்டான் மாத்திரை பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அதில் தாகமும் சிறுநீரும் அதிகமாகும், கல்லீரலை அடிக்கடி பரிசோதிக்க வேண்டும். வெயிலில் நின்று வேலை செய்கிறவனுக்கு அது சரிப்படுமா என்று அடுத்த மாதம் கேட்கப் போகிறோம்.