23, 24ஆம் ட்ராக்குகள்

"இது நான். ரெக்கார்டில் இருப்பது நான் இல்லை." பழைய ஆல்பம் ஒன்றை நான் மறுபடி மிக்ஸ் செய்துகொண்டிருந்தபோது அதன் டிரம்மர் சொன்ன இந்த வார்த்தைக்கு அன்றைக்கு நான் சொன்ன பதில் சரிதான் என்றே இன்னும் நினைக்கிறேன். ஆனால் சரியென்று தெரிந்த ஒன்றை மனசு இத்தனை தடவை திரும்பத் திரும்ப எடுத்துப் பார்க்க வேண்டியதில்லையே.

மூல டேப்பில் வாத்தியங்களும் குரல்களும் தனித்தனித் தடங்களில், அதாவது ட்ராக்குகளில், இருக்கும். அவற்றில் 23, 24 ஆகிய ட்ராக்குகளைத் திறந்தபோது அவர் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். எந்த ட்ராக்கில் என்ன இருக்கிறது என்று குறித்துவைக்கும் ட்ராக் ஷீட்டில் அந்த இரண்டு கட்டங்களிலும் பென்சிலில் 'கைடு' என்று மட்டும் எழுதியிருந்தது, அதாவது மற்றதைப் பதிய வழிகாட்டியாக முதலில் வாசித்துவைத்தது. ஸ்பீக்கரில் வந்ததோ முழு டிரம்ஸ் செட்டையும் ஒரே மூச்சில் வாசித்த ஒரு டேக். சிம்பல் தெறிக்கிறது, அறை அதிர்கிறது, கோரஸ் நெருங்கும்போது கை தானாக வேகம் பிடிக்கிறது. அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு பாட்டு முடியும்வரை கேட்டார். முடிந்ததும் அப்படிச் சொன்னார்.

குழுவின் பெயரைச் சொல்ல ஒப்பந்தம் இடம் தராது. வடக்கு இங்கிலாந்துக்காரர்கள், 1980இல் பதிவான ஆல்பம், பங்க் ராக்குக்குப் பின் வந்த போஸ்ட்-பங்க் இசையைக் கேட்கிறவர்கள் வீட்டில் அநேகமாக இருக்கும். மூல டேப்பிலிருந்து மறுபடி மிக்ஸ் செய்து பாக்ஸ் செட்டாகக் கொண்டுவர லேபிள் முடிவு செய்திருந்தது. இந்த மாதிரி வேலைகளில் லேபிள் சொல்வது எப்போதும் ஒன்றுதான்: பழையது மாதிரியே இருக்க வேண்டும், ஆனால் இன்னும் தெளிவாக. இரண்டும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது என்பது எல்லாருக்கும் தெரியும். தெரிந்துதான் ஒப்புக்கொள்கிறோம். ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்துப்போன ஆம்பெக்ஸ் 456 டேப்புகளை, 50 டிகிரி சொச்சம் சூட்டில் மணிக்கணக்காக உலர்த்தி, ஓட்டி, 24 ட்ராக்கையும் கணினிக்கு மாற்றியாகிவிட்டது. பழைய மிக்ஸுக்குப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு பாட்டையும் அதேபோல அமைத்து முடித்த பிறகுதான் குழுவினரைக் கூப்பிட்டோம். டிரம்மர் மட்டும் வந்தார்.

ரெக்கார்டில் இருக்கும் டிரம்ஸ் எப்படிப் பதிவானது என்பதைச் சொல்ல வேண்டும். இந்த ஆல்பத்தின் தயாரிப்பாளர், மார்ட்டின் ஹானட் என்ற இன்னொரு தயாரிப்பாளரின் வழியில் போனவர். 1979 ஏப்ரலில் ஸ்டாக்போர்ட்டில் ஸ்ட்ராபெரி ஸ்டூடியோவில் ஜாய் டிவிஷன் குழுவின் முதல் ஆல்பத்தைப் பதிந்தபோது, ஹானட் அவர்களுடைய டிரம்மர் ஸ்டீபன் மோரிஸிடம் டிரம்ஸைத் துண்டு துண்டாக வாசித்து வாங்கினார். ஒன்றின் ஓசை இன்னொன்றின் மைக்கில் கசியக் கூடாது என்பது அவருடைய கணக்கு. டிரம்ஸ் செட்டில் ஸ்னேர் என்கிற டிரம்மின் ஓசை கசிவில்லாமல் கையில் இருந்தால் அதை மட்டும் பிரித்து, ஓசையைத் தாமதித்துத் திரும்ப ஒலிக்கவைக்கும் டிஜிட்டல் டிலேக்கு அனுப்பலாம். பர்ன்லியில் ஏஎம்எஸ் நிறுவனம் செய்த டிலே கருவி அப்போது புதுசு. இல்லாத ஓர் அறையை அந்த ஸ்னேரைச் சுற்றி எழுப்பிவிட முடிந்தது. பாட்டுக்குள்ளே அவ்வளவு குளிர், அவ்வளவு காலி இடம் எல்லாம் அதிலிருந்து வந்தவை. குழுவின் பேஸ் கிடார்காரர் பீட்டர் ஹுக்குக்கும் கிடார்காரர் பெர்னார்ட் சம்னருக்கும் அந்த ஆல்பம் அப்போது பிடிக்கவில்லை. மேடையில் தாங்கள் எழுப்பிய சத்தம் அதில் எங்கே என்பதுதான் அவர்களுடைய குறை. பின்னாளில் ஹுக்கே ஹானட்டின் பங்கைப் பெரிதாக மதித்துப் பேசினார்.

என் டிரம்மருக்கும் அதே குறை. முதலில் குழு சேர்ந்து வாசித்ததில் பேஸ் கிடாரை மட்டும் வைத்துக்கொண்டு, டிரம்ஸை அதன்மேல் ஒவ்வொன்றாகத் திரும்ப வாசிக்கச் சொல்லியிருக்கிறார் தயாரிப்பாளர். ஒரு நாள் முழுக்க ஸ்னேர் மட்டும். மறுநாள் ஹை-ஹாட் சிம்பல். "பழக்கத்தில் இன்னொரு கை தானாகத் தூக்கிக்கொள்ளும். அதைத் தொடை மேல் அடித்துக்கொண்டே வாசித்தேன். சாயங்காலம் தொடை கன்றிப்போயிருக்கும்" என்றார். நாற்பது வருடத்துக்கு மேல் ஆகியும் அதைச் சொல்லும்போது இடது கையைத் தொடை மேல் வைத்துக் காட்டினார்.

அப்புறம் பேச்சு இப்படிப் போனது.

"அப்போ இதைப் போடு" என்றார்.

"இதைப் போட்டால் ரெக்கார்டே வேறாகிவிடும்."

"வேறாகட்டுமே. பின்னே மறுபடி மிக்ஸ் செய்வது எதற்கு?"

நான் ஹுக் மனசு மாறின கதையைச் சொன்னேன். "அவர் மாறினார் என்றால் அது அவர் இஷ்டம். நான் ஏன் மாறணும்?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிற மாதிரிதான் இருந்தது.

என் கையில் இன்னொரு காரணம் இருந்தது. அதுதான் வலுவானது என்று நினைத்தேன். ஸ்னேருக்கான எக்கோவை மிக்ஸின்போது சேர்க்காமல், பதிவின்போதே தனியாக 9ஆம் ட்ராக்கில் இறக்கி வைத்திருந்தார்கள். அதையும் குரலையும் மட்டும் திறந்து வைத்துக் கேட்டால் ஒன்று புரியும். பாடகர் ஒவ்வொரு வரியையும் அந்த எக்கோ அடங்கின பிறகே தொடங்குகிறார். சில இடங்களில் மூச்சை உள்ளே இழுப்பதுகூட எக்கோவின் கடைசித் தட்டோடு சேர்ந்து விழுகிறது. முழு டிரம்ஸைப் போட்டால் அந்த இடைவெளிகளெல்லாம் காரணமில்லாமல் நிற்கும். பாடகர் தாமதமாக வருகிற மாதிரித் தெரியும். இதை வாசித்துக் காட்டியே சொன்னேன்.

அவர் முழுவதும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அவன் அந்த எக்கோவைக் கேட்டதே இல்லை. பாடும்போது ஹெட்ஃபோனில் அதை நிறுத்தச் சொல்லிவிடுவான். நான் கன்ட்ரோல் ரூமில் இருந்தேன்."

நான் அங்கே இருந்ததில்லை. 1980இல் நான் பிறக்கவே இல்லை. என் பக்கம் இருந்தவை காதும் ஒரு ட்ராக் ஷீட்டும்தான்.

சரி, கேட்டுப் பார்க்கலாம் என்று துண்டு டிரம்ஸை மூடிவிட்டு 23, 24ஐ ஏற்றினேன். நன்றாகவே இருந்தது, அதில் சந்தேகமில்லை. பேஸ் கிடாருக்கு ஒரு தோழன் கிடைத்துவிட்டான். ஒன்றாக வாசித்தவர்கள் இல்லையா? கோரஸில் டிரம்ஸ் முந்துகிற இடத்தில் பேஸும் அதே அளவு முந்துகிறது. வெளிவந்த ரெக்கார்டில் ஸ்னேர் பேஸுக்கு ஒரு மயிரிழை பின்னால் விழுகிறது. அந்த மயிரிழையைத்தான் ரசிகர்கள் இத்தனை வருடமாகக் குளிர் என்றும் தனிமை என்றும் சொல்லிவருகிறார்கள் என்பது என் கருத்து. முழு டேக்கில் அது இல்லை. சூடான, நல்ல, பல குழுக்கள் வாசித்திருக்கக்கூடிய ஒரு ராக் பாட்டாக அது மாறியிருந்தது. இதை அவரிடம் சொன்னேன். "பல குழுக்கள்" என்ற வார்த்தையில் அவர் முகம் லேசாக மாறியது. வேறு மாதிரி சொல்லியிருக்கலாம். ஆனால் சொல்ல வந்த விஷயம் அதுதான்.

பழைய மிக்ஸ் மாதிரியே அமைத்து முடிக்கும் வேலையைச் செய்து பார்க்காதவர்களுக்கு, நான் ஏன் அவ்வளவு உறுதியாக நின்றேன் என்பது விளங்காமல் போகலாம். எக்ஸ்டிசி குழுவின் 1979 ஆல்பம் உட்படப் பல பழைய பதிவுகளை மறுமிக்ஸ் செய்த ஸ்டீவன் வில்சன் இப்படித்தான் தொடங்குவார்: முதலில் பழைய மிக்ஸை அப்படியே திரும்பக் கட்டுவது, புதுசாகச் சேர்ப்பது அதற்கப்புறம். நானும் அப்படியே செய்தேன். அப்படிச் செய்யும்போது தயாரிப்பாளரின் விரல்களைப் பின்தொடர்ந்து போக வேண்டியிருக்கிறது. இரண்டாம் சரணத்தில் கிடாரின் ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரை அவர் எந்த வார்த்தையில் இறக்கத் தொடங்குகிறார், எங்கே தயங்குகிறார் எல்லாம் தெரிந்துவிடும். அந்தப் பாட்டில் டேப்பைச் சற்று வேகம் கூட்டி ஓட்டியே மிக்ஸ் செய்திருக்கிறார். 24 ட்ராக் மூல டேப்பை விட ரெக்கார்டில் சுருதி ஒரு துளி மேலே. அதையும் கண்டுபிடித்துப் பொருத்தினேன். அவர் இறந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. நான் அவரைப் பார்த்ததில்லை. ஆனாலும் அந்த ஆல்பத்தில் வேலை பார்த்த காலம் முழுக்க அவர் எடுத்த முடிவுகளோடுதான் இருந்தேன். அவருக்காகப் பேச அந்த அறையில் என்னைத் தவிர வேறு யாரும் இல்லை என்று தோன்றியது.

டிரம்மருக்காகப் பேச டிரம்மரே இருந்தார். அதனால் நியாயம் சமமாகிவிட்டது என்று அப்போது எனக்குப் பட்டது. இப்போது அவ்வளவு நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. இறந்தவர் சொன்னது நாற்பது வருடத்துக்கு மேலாகக் கடைகளில் விற்றுக்கொண்டிருக்கிறது. இவர் சொல்வதற்கு ஒரு சாயங்காலம் கிடைத்தது.

லேபிளுக்கு எழுதிய குறிப்பில் வேறொரு காரணத்தை முன்னால் வைத்தேன். கைடு மைக்குகளில் கிடார் ஆம்ப்பின் ஓசை கசிந்திருந்தது. பிற்பாடு கிடாரை மாற்றி வாசித்த இடங்களில் பழைய வாசிப்பும் அடியில் கேட்கிறது. அது உண்மைதான். இன்றைய மென்பொருளை வைத்து அந்தக் கசிவைப் பெருமளவு பிரித்துவிட முடியும் என்பதும் உண்மை. அதையும் எழுதினேன், கடைசி வரியில். லேபிளில் படித்தவர்கள் முதல் வரியோடு நின்றார்கள். கைடு டிரம்ஸ் வைத்த மிக்ஸைப் போனஸ் ட்ராக்காகச் சேர்க்கலாமே என்று அவர்களே சொன்னார்கள். எனக்கு அது நல்ல யோசனையாகப் பட்டது. இரண்டும் வெளியே வரும், கேட்பவர்கள் முடிவு செய்துகொள்ளட்டும். நானே அவருக்கு போன் செய்து சொன்னேன்.

"சொந்தப் பாட்டில் நான் போனஸா? வேண்டாம்" என்றார். பிறகு வானிலை பற்றியும் என் குழந்தைகள் பற்றியும் அன்பாகவே விசாரித்துவிட்டு வைத்தார்.

ஆல்பம் துண்டு டிரம்ஸோடு வெளிவந்தது. ஒப்புதல் படிவத்தில் அவரும் கையெழுத்துப் போட்டிருந்தார்.

பாடகர் எக்கோவைக் கேட்டாரா என்ற கேள்வி மட்டும் என்னை விடவில்லை. லேபிள் வழியாக அவரிடமே கேட்டோம். நினைவில்லை என்று பதில் வந்தது. அப்புறம்தான், ஹெட்ஃபோன் கசிவைத் தேடலாம் என்று தோன்றியது. பாடுகிறவர் காதிலிருந்து வழிகிற சத்தம் குரல் மைக்கிலும் கொஞ்சம் ஏறியிருக்கும். வரிகளுக்கு நடுவே இருக்கும் மௌனத்தை மட்டும் வெட்டி எடுத்து, ஒலியை எவ்வளவு தூக்க முடியுமோ அவ்வளவு தூக்கினேன். டேப்பின் இரைச்சலுக்கு அடியில், தகர டப்பாவுக்குள் விழுகிற மாதிரி, ஸ்னேர் கேட்டது. முதல் சரணத்தில் அதைத் தொடர்ந்து எக்கோவும் இருக்கிறது: ஒன்று, சற்று மெலிந்து இன்னொன்று. நான் சொன்னது சரி. மூன்றாம் சரணத்திலும் ஸ்னேர் இருக்கிறது. அதற்குப் பின்னால் ஒன்றுமில்லை, இரைச்சல்தான். அவர் சொன்னதும் சரி. குரலை இரண்டு வேறு நாளில் பதிந்து ஒட்டியிருக்க வேண்டும். அப்படியானால் மூன்றாம் சரணத்தில் பாடகர் எதற்காகக் காத்திருந்தார்? முதல் நாள் கேட்டது மனசில் பதிந்துபோனதாலா, இல்லை அவர் எப்போதுமே அப்படித்தான் பாடுவாரா? மேடைப் பதிவுகள் சிலவற்றைக் கேட்டேன். மேடையில் எக்கோ கிடையாது. அங்கேயும் சில இரவுகளில் காத்திருக்கிறார், சில இரவுகளில் இல்லை.

இதை டிரம்மருக்குச் சொல்லவில்லை. சொன்னால் என் பக்கத்துக்குப் பாதி வலு சேர்க்கத்தான் போன் செய்கிறேன் என்று ஆகிவிடும். மறைத்துவைக்கிறேன் என்றும் தோன்றவில்லை. கேட்டால் சொல்வேன்.

இன்னொரு விஷயம் இருக்கிறது, இது அவருக்குச் சாதகமானது. 24 ட்ராக்கில் இடம் போதாமல் திண்டாடியிருக்கிறார்கள். பின்னணிக் குரல்களையெல்லாம் ஒரே ட்ராக்கில் சேர்த்து ஒடுக்கியிருக்கிறார்கள், ஒரு கீபோர்டு வரி மற்றொன்றின் மேல் பதிவாகி அழிந்திருக்கிறது. அந்த நெருக்கடியில் கைடு டிரம்ஸைத்தான் யாரும் முதலில் அழிப்பார்கள். அதற்குப் பெயரே கைடு, வேலை முடிந்ததும் தேவையில்லை. ஆனால் அந்தத் தயாரிப்பாளர் இந்த இரண்டு ட்ராக்கைக் கடைசிவரை தொடவில்லை. மறதி என்று சொல்ல முடியாது. மற்ற பாட்டுகளில் கைடுகள் அழிக்கப்பட்டிருக்கின்றன. இந்த ஒரு பாட்டில் மட்டும் இருக்கிறது. கடைசி நாள் வரை அவருக்கே முடிவு தெரியாமல் இருந்திருக்குமோ? நான் யாருக்காக அவ்வளவு உறுதியாக நின்றேனோ, அவர் அவ்வளவு உறுதியாக இல்லாமல் இருந்திருக்கலாம். அப்படியே இருந்தாலும், இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு கடைசியில் துண்டு டிரம்ஸைத்தானே தேர்ந்தெடுத்தார் என்று எனக்கு நானே பதில் சொல்லிக்கொள்கிறேன். அந்தப் பதில் சில நாள் போதுமானதாக இருக்கிறது.

இதற்கு அடுத்து வந்த வேலையில், அதுவும் அதே காலத்து ஆல்பம்தான், கிடார்காரர் தன் பழைய டேக் ஒன்றைப் போடச் சொன்னார். உடனே போட்டுவிட்டேன். காரணம் கேட்கவில்லை, தயாரிப்பாளர் ஏன் அதை ஒதுக்கினார் என்று தேடவும் இல்லை. கிடார்காரருக்கு மகிழ்ச்சி, லேபிளுக்கும் ஆட்சேபம் இல்லை. அந்தப் புது மிக்ஸைப் பழைய ரெக்கார்டோடு அடுத்தடுத்து வைத்து நான் இன்னும் கேட்கவில்லை.