ஐக்கிடோ (ஜப்பானியத் தற்காப்புக் கலை) வகுப்புக் குறிப்புகள், பினாங்கு

பிப்ரவரி 6, 2025, வியாழன்

புதியவர்கள் வந்திருப்பதால் இன்று முழுக்க விழும் பயிற்சி, அதாவது உகெமி. வீழ்த்தப்படுகிறவர் வலியில்லாமல் எழுந்து வந்தால்தான் அது ஐக்கிடோ. அதனால் எந்தப் பிடியையும் இதற்கு முன்னால் சொல்லித் தருவதில்லை.

பின்னால் விழ: ஒரு காலை மடித்து, பிட்டம் குதிகாலை ஒட்டிப் பாயில் இறங்கும்வரை தாழ வேண்டும். பிறகு முதுகை வில்லாக வளைத்து உருள வேண்டும். பார்வை தன் பெல்ட் முடிச்சிலேயே இருக்கட்டும். அப்போது மோவாய் தானாக நெஞ்சோடு ஒட்டும், பின்மண்டை பாயில் இடிக்காது. பயத்தில் கையைப் பின்னால் ஊன்றுவதுதான் பெரிய தவறு. உடம்பின் எடை மொத்தமும் மணிக்கட்டில் இறங்கிவிடும்.

முன்னால் உருள: சுண்டுவிரல் ஓரம், முன்கை, தோள், அங்கிருந்து முதுகின் குறுக்காக எதிர்ப்பக்க இடுப்பு. தோள் நுனி 'டொம்' என்று இடித்தால் முழங்கை தளர்ந்துவிட்டது என்று பொருள். நின்று உருளாமல், ஒரு முட்டியை ஊன்றி 10 முறை உருண்டால் சரியாகும்.

பிப்ரவரி 9, ஞாயிறு

தெங்கான், அதாவது பிடிபட்ட நிலையில் உடம்பைத் திருப்பும் அசைவு. எதிராளி வலது கையால் நம் இடது மணிக்கட்டைப் பிடிக்கிறார். எல்லாரும் முதலில் செய்வது, கையை வெடுக்கென்று இழுப்பது. இழுக்க இழுக்கப் பிடி இறுகத்தான் செய்யும். பிடிபட்ட கை அங்கேயே இருக்கட்டும், உடம்பு கையிடம் போகட்டும். இடது பாதத்தை அவருடைய வலது பாதத்தின் வெளிப்பக்கம் அரையடி வைத்து, முன்பாதத்தில் 180 பாகை திரும்ப வேண்டும். முடியும்போது இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஒரே திசையைப் பார்ப்போம். நம் உள்ளங்கை மேல்நோக்கித் தொப்புளுக்கு முன்னால் இருக்கும். முழங்கை விலாவை விட்டு விலகினால் அவர் நம்மைத் தள்ளிவிடுவார்.

சண்டைக்கு வந்தவர் பார்க்கும் பக்கமே நாமும் பார்க்கிறோம். சமாதானக் கலை என்று இதைச் சொல்வது எதனால் என்று கேட்பவர்களுக்கு இந்த ஓர் அசைவைத்தான் காட்டுவோம். கலையை நிறுவிய மொரிஹெய் உவேஷிபா (1883-1969) வைத்துக்கொண்ட பெயரிலேயே 'ஐ' என்றால் இணைதல்.

பிப்ரவரி 13, வியாழன்

செவ்வாய்க்கிழமை தைப்பூசம். தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு வெறுங்காலில் நடந்தவர்களின் உள்ளங்கால் எல்லாம் கொப்புளம். முன்பாதத்தில் திரும்பினால் தோல் உரிந்துவிடும், தெங்கான் வேண்டாம். உடைந்த கொப்புளத்தைக் கட்டுப்போட்டு மூடாமல் யாரும் பாயில் ஏறக் கூடாது.

அதனால் உட்கார்ந்து செய்யும் கொக்கியூஹோ, அதாவது மூச்சோடு சேர்ந்த உடல்விசையால் எதிராளியைச் சாய்க்கும் பயிற்சி. கால்விரலை மடக்கி ஊன்றாமல், புறங்கால் பாயில் படிய மண்டியிட்டு எதிரெதிரே அமர்தல். அவர் நம் இரு மணிக்கட்டையும் வெளிப்பக்கமிருந்து பிடிப்பார். விரல்களை விரித்து, முழங்கையைத் தாழ்த்தியபடியே, இடுப்பிலிருந்து அவர் தோளை நோக்கி ஏற்ற வேண்டும். அவர் பிட்டம் குதிகாலை விட்டு லேசாக எழும்பும். அந்த நொடியில் ஒரு பக்கம் திரும்பினால் போதும், சாய்ந்துவிடுவார். நம் தோள் காதுவரை ஏறிவிட்டால் ஒன்றும் நடக்காது.

பிப்ரவரி 16, ஞாயிறு

ஜோ, 128 செ.மீ. தடி. சிலம்பம் தெரிந்த பிள்ளைகளுக்குக் கை சுலபமாகப் பழகுகிறது, ஆனால் உடனே சுழற்றிவிடுகிறார்கள். குத்துக்குச் சுழற்சி வேண்டாம். பின்னால் பிடித்த கை தள்ளும், முன்னால் பிடித்த கை குழாய் மாதிரி வழிவிடும். முன்னால் பிடித்த கை இறுகினால் தடியின் முனை கோணும்.

ஒரு தாயார் பதக்கம் கிடைக்குமா என்று கேட்டார். ஐக்கிடோவின் ஒரு பிரிவான டொமிகி வழியில் போட்டி உண்டு, நாம் பழகும் வழியில் இல்லை.

பிப்ரவரி 20, வியாழன்

ஷிஹோநாகே, அதாவது எதிராளியின் கையைத் தோளுக்குப் பின்னால் மடித்து வீழ்த்துவது. அழகான வீச்சு, ஆனால் புதியவருக்கு ஆபத்து இதில்தான் அதிகம். கை மடிந்து தோளுக்குப் பின்னால் பூட்டிக்கொள்வதால் வீழ்த்தப்படுகிறவரால் உருள முடியாது. வேகமாக இறக்கினால் பின்மண்டை நேராகப் பாயில் மோதும். மடித்த கையை அவருடைய தோளை ஒட்டியே வைத்திருக்க வேண்டும். வெளியே அகற்றி இழுத்தால் முழங்கையும் தோளும் முறுக்கிக்கொள்ளும். புறங்கை தோளைத் தொட்டதும் நிறுத்தி, ஒரு மூச்சு விட்டு, நாமும் முட்டியை மடித்து அவரோடு சேர்ந்து இறங்க வேண்டும். அவர் பாயைத் தட்டினால் அந்தக் கணமே பிடியைத் தளர்த்த வேண்டும். 'இன்னும் கொஞ்சம்' என்ற பேச்சே கிடையாது.

புழுக்கத்தில் வியர்வை சொட்டிப் பாய் வழுக்கியது. 15 நிமிடத்துக்கு ஒருமுறை துடைத்தோம். ஞாயிறுக்கு ஆளுக்கொரு துண்டு கொண்டு வரவும்.